ரூவானில் ஒரு குரல், நான்கு தீர்ப்புகள்

பாரிஸில் வேலை பார்க்கும் தம்பதிகளுக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தால் ரூவான் வசதியான ஊர். சான் லசார் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் நார்மண்டியின் பழைய தலைநகரில் இறங்கிவிடலாம். மரச்சட்டங்கள் வெளியே தெரியக் கட்டிய வீடுகள், தெருவுக்குக் குறுக்கே ஒரு வளைவின் மேல் பொன் பூச்சோடு நிற்கும் பெரிய கடிகாரம், வெண்ணெய் மணக்கும் சமையல் என்று சுற்றிப் பார்க்க நிறையவே இருக்கிறது. ஃப்ளோபேர் பிறந்ததும் இங்கேதான். 1890-களின் தொடக்கத்தில் ஓவியர் மோனே இங்குள்ள பேராலயத்தின் முகப்பைக் காலை வெயிலிலும் பனிமூட்டத்திலும் அந்தியிலுமாக முப்பதுக்கு மேற்பட்ட படங்களாகத் தீட்டினார். அந்தப் பேராலயத்தின் கூர்கோபுரம் 151 மீட்டர். பிரான்ஸில் அதைவிட உயர்ந்த தேவாலயக் கோபுரம் கிடையாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெரும்பாலோர் வந்து சேருவது பழைய சந்தைச் சதுக்கத்துக்கு. ஒரு தம்பதி அங்கே வெளியில் போட்ட மேசையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சதுக்கத்தின் ஓரத்தில் 1345 முதல் நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் உணவகம் ஒன்று. நடுவே கரும்பலகைக் கல் ஓடு வேய்ந்து, கூரை அலை அலையாக மடிந்து எழும் ஒரு புதுப்பாணித் தேவாலயம். லூயி அரெத்ஷ் வடிவமைத்து 1979-ல் முடிந்த கட்டடம் அது. அதை ஒட்டியே சந்தைக் கூடம். பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டம், உயரமான சிலுவை, ஓர் அறிவிப்புப் பலகை. 1431 மே 30-ஆம் தேதி, சுமார் பத்தொன்பது வயதான ஜோன் ஆஃப் ஆர்க்கை உயிரோடு எரித்த இடம் என்கிறது பலகை.

அதைப் படித்துவிட்டு வந்து மனைவி கேட்கிறாள்: "அவளுக்குக் கேட்டது நிஜமாவே கடவுளோட குரல்தானா?"

கணவர் மெனு அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போப்பே புனிதர்னு சொல்லிட்டார். அப்புறம் என்ன?"

போப் சொன்னது உண்மை. ஆனால் ஜோனைப் பற்றித் திருச்சபை ஒரே ஒரு பதில் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. நான்கு முறை விசாரித்தது. 1429 வசந்தத்தில், பட்டம் சூட்டிக்கொள்ளாத அரசர் ஏழாம் சார்லஸின் தரப்பைச் சேர்ந்த குருமார்கள் புவாத்தியே நகரில் அவளைச் சில வாரம் கேள்வி கேட்டார்கள். அவளிடம் கெட்டது எதுவும் தென்படவில்லை, ஆர்லியான் போருக்கு அனுப்பலாம் என்றார்கள். 1431-ல், அப்போது இங்கிலாந்தின் வசம் இருந்த இதே ரூவானில், பொவே மறைமாவட்ட ஆயர் பியேர் கொஷோன் தலைமையில் நடந்த விசாரணை அவளைத் தப்பறைக்காரி என்று தள்ளியது. 1456 ஜூலை 7-ஆம் தேதி, மறுபடியும் ரூவானில், திருத்தந்தை மூன்றாம் கலிஸ்து அமைத்த நீதிமன்றம் அந்தத் தீர்ப்பே செல்லாது என்றது. 1920 மே 16-ஆம் தேதி பதினைந்தாம் பெனடிக்ட் அவளுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். பெண் ஒருத்திதான், குரல்களும் அவைதான்.

ஒவ்வொரு தீர்ப்புக்குப் பின்னாலும் ஒரு அரசாங்கக் கணக்கு இருந்தது. ஜோன் முன்னின்று ரீம்ஸ் நகரில் சார்லஸுக்கு முடிசூட்ட வைத்தவள். அவள் பிசாசின் ஆள் என்று ஆகிவிட்டால் அவர் தலையிலிருப்பதும் பிசாசு கொடுத்த கிரீடமாகிவிடும்; இங்கிலாந்துக்காரர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். பிற்பாடு ரூவானை மீட்டுக்கொண்ட சார்லஸ், 1450-ல் மறுவிசாரணைக்கு முதல் உத்தரவு போட்டதற்கும் அதே கிரீடம் ஒரு காரணம். 1905-ல் அரசையும் சமயத்தையும் சட்டம் போட்டுப் பிரித்த பிரான்ஸ், முதல் உலகப் போர் முடிந்து வத்திக்கானோடு மறுபடி பேசத் தொடங்கிய வேளையில்தான் புனிதர் பட்டம் வந்தது. 1921-ல் தூதரக உறவும் திரும்பியது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு "எல்லாம் அரசியல்" என்று கணவர் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் மனைவி கேட்டதற்கு அது பதில் ஆகாது. ஒருவர் காதில் மட்டும் ஒரு குரல் ஒலிக்கிறது. அது ஆண்டவன் குரல் என்று அவர் சொல்கிறார். அந்தக் குரல் ஆயுதம் எடுக்கச் சொல்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இன்றைக்கு அப்படி வந்து சொன்னால் யாரும் உடனே கைகூப்பிவிட மாட்டோம். எப்படி நம்புவது என்றுதான் கேட்போம். 1431-ன் நீதிபதிகளில் கூலிக்கு வந்தவர்கள் உண்டு, பயந்தவர்கள் உண்டு. கேள்வி மட்டும் கூலிக்கு வந்ததல்ல.

அந்தக் கேள்விக்கு அப்போது ஒரு சாத்திரமே இருந்தது. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்த ழான் ஜெர்சோன், 1415-ல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தின்போது ஆவிகளைச் சோதித்தறிவது பற்றி ஒரு நூல் எழுதினார். சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தாவின் காட்சிகளை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்ற விவாதம் அப்போது சூடாக நடந்துகொண்டிருந்தது. காட்சி காண்பவர் யார், கண்டது என்ன, எதற்காகக் கிடைத்தது, யாரிடம் சொல்கிறார், எப்படி நடந்துகொள்கிறார், எங்கிருந்து வந்தது என்று அடுக்கடுக்காகக் கேட்கச் சொன்னார் ஜெர்சோன். சாத்தானும் ஒளியின் தூதனாக வேடம் போடுவான் என்று பவுல் எச்சரித்திருந்ததால், நல்ல காட்சியாகத் தெரிந்தாலும் விடக்கூடாது. அவர் 1429 ஜூலையில் காலமானார். அவர் வேந்தராக இருந்த அதே பல்கலைக்கழகம் 1431 மே மாதம் ஜோனின் குரல்களைப் பிசாசின் வேலை என்று எழுதிக் கொடுத்தது. சோதிக்கும் முறை கையில் இருந்தும், சோதித்தவர்கள் தேர்ந்த அறிஞர்களாக இருந்தும், பதில் இப்படி வந்தது.

விசாரணையில் நடந்ததை இவ்வளவு நுணுக்கமாக இன்று தெரிந்துகொள்ள முடிவதற்குக் காரணம் மூன்று எழுத்தர்கள். கியோம் மான்ஷோன் அவர்களில் முதல்வர். கேள்வியையும் பதிலையும் பிரெஞ்சில் குறித்துக்கொண்டு, பிற்பாடு லத்தீனில் ஏற்றினார்கள். ஏட்டைப் புரட்டினால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு குடியானவன் மகள், நூற்றுக்கும் மேற்பட்ட படித்த மனிதர்கள் வந்துபோன சபையில், வக்கீல் இல்லாமல், காலில் விலங்கோடு பதில் சொல்வது தெரிகிறது. தன்னிடம் பேசுவதாக அவள் சொன்ன புனித மார்கரீத்தா இங்கிலீஷ் பேசுவாரா என்று கேட்டார்கள். அவர்தான் இங்கிலீஷ்காரர் பக்கம் இல்லையே, எதற்கு அந்த பாஷை என்று திருப்பிக் கேட்டாள். காட்சியில் வந்த அதிதூதர் மிக்கேல் ஆடையில்லாமல் நின்றாரா என்று கேட்டபோது, அவருக்கு உடுத்தக் கொடுக்க ஆண்டவரிடம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறீர்களா என்றாள்.

பிப்ரவரி 24-ஆம் தேதி வந்ததுதான் பொறி வைத்த கேள்வி. நீ இறையருள் நிலையில் இருக்கிறாயா? ஆம் என்றால் மாட்டிக்கொள்வாள். தான் அருளில் இருக்கிறேன் என்று எந்த மனிதரும் உறுதியாக அறிய முடியாது என்பது திருச்சபையின் போதனை. இல்லை என்றால் பாவி என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். கேட்டுக்கொண்டிருந்த இறையியலாளர் ஒருவரே, இப்படிக் கேட்பது முறையல்ல, இதற்கு இவள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று குறுக்கிட்டதாகப் பின்னாளில் சாட்சியம் இருக்கிறது. ஜோன் சொன்ன பதிலின் சாரம் இது: நான் அருளில் இல்லையென்றால் ஆண்டவர் என்னை அதில் சேர்க்கட்டும்; இருந்தால் அதிலேயே வைத்திருக்கட்டும். கேட்டவர்கள் திகைத்துப்போனதாக எழுத்தர்களில் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இந்தப் பதிலைச் சாமர்த்தியம் என்று பாராட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். அதில் வேறொரு விஷயமும் இருக்கிறது. தனக்குக் குரல் கேட்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குரல் கேட்பதால் தன் ஆன்மா கரையேறிவிட்டது என்று அவள் சொல்லத் தயாராக இல்லை. அதை ஆண்டவர் கையில் விட்டுவிட்டாள். எதிரே இருந்தவர்களோ அவள் ஆன்மா எங்கே நிற்கிறது, அவளோடு பேசுவது யார் என்பது வரை நிச்சயமாகச் சொன்னார்கள். அளவுக்கு மீறித் தெரியும் என்று சொன்ன குற்றத்துக்காக அவளை விசாரித்தவர்கள்தான் அவளைவிட அதிகம் தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த பொறி கீழ்ப்படிதல். மண்ணிலுள்ள திருச்சபையின் தீர்ப்புக்கு, அதாவது போப்பும் ஆயர்களும் குருக்களும் சொல்வதற்கு, உன் செயல்களை ஒப்படைக்கிறாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆண்டவரும் திருச்சபையும் ஒன்றுதான், இதில் என்ன குழப்பம் என்றாள். தன்னைப் போப்பிடம் அனுப்பும்படி கேட்டாள். அவர் தூரத்தில் இருக்கிறார் என்று மறுத்துவிட்டார்கள். குரல் ஒன்று சொல்லி, ஆயர் வேறொன்று சொன்னால் எதைக் கேட்பாய் என்பதுதான் கேள்வியின் கூர். முதலில் ஆண்டவருக்கு ஊழியம் என்றாள். சமய வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வரும் வழக்கு இது. மனசாட்சியை அமைப்பு தீர்ப்பிடலாமா? தீர்ப்பிடவே கூடாது என்றால், குரல் கேட்கிறது என்று வருகிற ஒவ்வொருவருக்கும் வழிவிட வேண்டியதுதானா?

மே 24-ஆம் தேதி சான் ஊவான் மடத்துக் கல்லறைத் தோட்டத்தில் மேடை போட்டு, எரிக்கப்போகிறோம் என்று பயமுறுத்தியதும் அவள் பணிந்து, குரல்களையும் ஆண் உடையையும் விட்டுவிடுவதாகக் கையெழுத்துப் போட்டாள். நாலே நாளில் மறுபடி ஆண் உடையில் இருந்தாள். திருச்சபைச் சிறையில் பெண்கள் காவலில் வைக்க வேண்டியவளை இங்கிலீஷ் ஆண் காவலர்கள் நடுவே கோட்டையில் வைத்திருந்தார்கள் என்பதும் இதில் சேரும். கையெழுத்துப் போட்டதற்காகக் குரல்கள் தன்னைக் கடிந்துகொண்டன என்று அவள் சொன்னபோது, ஏட்டின் ஓரத்தில் எழுத்தர் லத்தீனில் இரண்டே சொற்கள் குறித்தார்: மரணம் தரும் பதில்.

மே 30 காலையில் நடந்தது இன்னும் விநோதம். மறுபடி தப்பறையில் விழுந்தவள் என்று முந்தின நாளே முடிவாகியிருந்தது. அப்படியும் அவள் நற்கருணை கேட்டபோது கொஷோன் அனுமதித்தார். அன்றைய சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது. மனம் வருந்துகிறவருக்கு நற்கருணை உண்டு, உயிர் மட்டும் கிடைக்காது. கிறிஸ்துவின் திருவுடலைக் காலையில் வாயில் கொடுத்துவிட்டுச் சில மணி நேரத்தில் சதுக்கத்தில் அவளைத் திருச்சபையின் அழுகிய உறுப்பு என்று வெட்டி எறிந்தார்கள். எரித்து முடித்த சாம்பலைச் சேன் ஆற்றில் கொட்டினார்கள், யாரும் எடுத்துவைத்துக் கும்பிடக் கூடாதென்று.

கும்பிடுகிறவர்கள் எதையாவது கண்டெடுக்கத்தான் செய்வார்கள். 1867-ல் பாரிஸில் ஒரு மருந்துக் கடையின் பரணிலிருந்து, ஜோனின் சிதையடியில் எடுத்தது என்று எழுதிய ஜாடி ஒன்று கிடைத்தது. கருகிய விலா எலும்பு, துணித்துண்டு, ஒரு பூனையின் எலும்பு எல்லாம் அதில் இருந்தன. பிற்பாடு ஷினோன் நகர அருங்காட்சியகத்தில் வைத்துப் பாதுகாத்தார்கள். தடயவியல் மருத்துவர் பிலிப் ஷார்லியே தலைமையிலான குழு ஆராய்ந்து 2007-ல் முடிவைச் சொன்னது. வாசனைத் திரவியத் தொழிலின் தேர்ந்த மூக்குக்காரர்களை வரவழைத்து முகரச் சொன்னார்கள். அவர்களுக்கு வெனிலா மணத்தது. எரிந்த உடலில் அந்த மணம் வராது, மெதுவாக மட்கிய உடலில்தான் வரும். ஜாடியில் இருந்தது கிறிஸ்துவுக்கு முற்பட்ட எகிப்திய மம்மி.

எலும்பை முகர்ந்து பார்த்து முடிவு சொல்லிவிடலாம். குரலை என்ன செய்வது?

பேராலயத்தை ஒட்டிய பேராயர் மாளிகையில் 2015 முதல் ஜோன் ஆஃப் ஆர்க் காட்சியகம் நடக்கிறது. அறை அறையாக நகர்ந்து, சுவரில் ஓடும் படங்களில் 1456-ன் மறுவிசாரணையைப் பார்க்கலாம். அந்தத் தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் இதே மாளிகையில்தான். ஜோனின் தாய் இசபெல் ரோமே 1455 நவம்பரில் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில் நின்று மகளுக்காக மனுக் கொடுத்தாள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். பழைய எழுத்தர் மான்ஷோனும் வந்தார். விசாரணை வேலைக்குத் தனக்குக் கிடைத்த கூலியில் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு சிறு பூசைப் புத்தகம் வாங்கினேன், அவளுக்காக வேண்டிக்கொள்ள அது நினைவூட்டும் என்று வாங்கினேன் என்றார். எரித்த பிறகு, கடைசி நேரத்தில் அவள் குரல்களை மறுத்தாள் என்று ஜூன் 7-ஆம் தேதியிட்டு ஓர் அறிக்கையை ஏட்டோடு சேர்த்தார்கள். அதில் எழுத்தர்களின் கையொப்பம் இல்லை. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் கேட்ட மார்த்தேன் லத்வெனு, அவள் சாகும்வரை குரல்கள் ஆண்டவரிடமிருந்தே வந்தன என்று சொன்னதாகச் சாட்சியம் அளித்தார்.

இத்தனை கேட்டும் 1456 நீதிமன்றம் தீர்ப்பில் எழுதியது என்ன? 1431 வழக்கில் மோசடி, பொய், சட்டப் பிழை. குற்றச்சாட்டின் பன்னிரண்டு பிரிவுகளும் அவள் சொன்னதைத் திரித்து எழுதியவை. ஆகவே எல்லாம் செல்லாது. குற்றப்பத்திரிகையைக் கிழித்தார்கள். அடுத்த நாள் பழைய சந்தைச் சதுக்கத்தில் அறிவிப்பு வாசித்தார்கள். அந்தக் குரல் ஆண்டவருடையது என்று மட்டும் எழுதவில்லை. முந்தின நீதிபதிகள் நடந்துகொண்ட விதத்தைத் திருத்தினார்களே தவிர, அந்தப் பெண்ணின் காதுக்குள் நுழையவில்லை. கோழைத்தனம் என்றும் இதைச் சொல்லலாம். பணிவு என்றும் சொல்லலாம்.

1920-ஐப் பார்த்தால் பணிவு என்பதற்கு ஓரளவு ஆதாரம் கிடைக்கிறது. ஜோனைத் திருச்சபை கன்னியாகத்தான் புனிதர் வரிசையில் சேர்த்தது, மறைசாட்சியாக அல்ல. மறைசாட்சி என்றால் விசுவாசத்தை வெறுத்தவர்கள் கொன்றிருக்க வேண்டும். இவளைக் கொன்றதோ விசுவாசத்தின் பெயரால் கூடிய ஓர் ஆயரின் நீதிமன்றம். அவள் வாழ்ந்த விதமும் அவளுடைய நற்பண்புகளும் புனிதமானவை என்று பட்டம் சொல்கிறது. தனிநபர் காட்சிகளை விசுவாசிகள் நம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கத்தோலிக்க மரபில் கிடையாது. புனிதருடைய காட்சி என்றாலும் அப்படித்தான்.

இதற்குப் பிறகு வருகிறது பலரும் தாண்டிச் சென்றுவிடும் சங்கதி. ஜோன் தன்னிடம் பேசியவர்கள் என்று பெயர் சொன்னது மூவரை: அதிதூதர் மிக்கேல், அலெக்சாந்திரியா நகரப் புனித கத்தரீன், அந்தியோக்கியா நகரப் புனித மார்கரீத்தா. 1969-ல் ஆறாம் பவுல் காலத்தில் திருச்சபையின் பொது நாள்காட்டியைச் சீர்திருத்தியபோது கத்தரீனும் மார்கரீத்தாவும் நீக்கப்பட்டார்கள். அவர்கள் வாழ்க்கையைச் சொல்லும் கதைகளுக்கு நம்பத்தக்க வரலாற்று ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம். கத்தரீனின் விழா 2002-ல் விருப்ப நினைவாகத் திரும்பி வந்தது. மார்கரீத்தாவின் விழா வரவில்லை. வரலாற்றில் வாழ்ந்தாரா என்றே சந்தேகப்படும் ஒருவர் ஒரு சிறுமியிடம் வந்து பேசியிருக்கிறார். அவள் போய் ஆர்லியான் முற்றுகையை உடைத்திருக்கிறாள்.

நாத்திகருக்கு இதில் சிக்கல் இல்லை. தன் ஊர்க் கோவில் சிலைகளில் பார்த்த முகங்களை அவள் மனம் குரலாக்கிக்கொண்டது என்று சொல்லிவிடுவார். வலிப்பு நோய் தொடங்கிப் பல மருத்துவ விளக்கங்களும் சொல்லியிருக்கிறார்கள். விசுவாசியும் ஒரு பதில் வைத்திருக்கிறார்: ஆண்டவர் பேச விரும்பினால், கேட்பவருக்குத் தெரிந்த முகத்தைத்தானே எடுத்துக்கொள்வார்? இரண்டு பதிலுமே தர்க்கத்துக்கு ஒத்துவருகின்றன. ஒன்றை ஒன்று தோற்கடிக்க முடியவில்லை. வில்லியம் ஜேம்ஸ் 1902-ல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூலில், ஒரு அனுபவம் உடம்பில் எந்த மூலையிலிருந்து வந்தது என்பதை வைத்து அதன் மதிப்பை முடிவு செய்யாதீர்கள், அது விளைவித்த பலனைப் பாருங்கள் என்று வாதிட்டார். மரத்தைக் கனியால் அறியச் சொன்ன சுவிசேஷத்துக்கும் இது பக்கத்தில்தான் வருகிறது.

ஆனால் ஜோனின் கனிகளில் போர் இருக்கிறதே. அவள் மேல் அன்பு வைத்தவர்கள் அதிகம் பேசாத ஒரு கடிதமும் இருக்கிறது. 1430 மார்ச் 23-ஆம் தேதியிட்டு, பொஹீமியாவின் ஹுஸ் கொள்கைக்காரர்களுக்கு அவள் பெயரில் போன லத்தீன் கடிதம் அது. அவளுடைய குரு பாஸ்கரெல் கையொப்பமிட்டிருக்கிறார். திருச்சபைக்குத் திரும்பாவிட்டால், இங்கிலீஷ்காரர்களை விட்டுவிட்டு உங்கள் மேல் படையெடுத்து வருவேன், வாளால் உங்கள் தப்பறையை அழிப்பேன் என்பது அதன் மிரட்டல். யான் ஹுஸ் 1415-ல் கான்ஸ்டன்ஸில் எரிக்கப்பட்டவர். ஜெர்சோன் நூல் எழுதிய அதே பொதுச்சங்கம்தான் அவரைத் தண்டித்தது. தப்பறைக்காரி என்று எரிக்கப்படப்போகிறவள், எரிக்கப்படுவதற்குப் பதினான்கு மாதம் முன்னால், தப்பறைக்காரர்களை வாளால் மிரட்டியிருக்கிறாள். குரல் மேலிருந்து வந்தது என்று எடுத்துக்கொண்டாலும், கேட்ட காது பதினைந்தாம் நூற்றாண்டுக் காதுதான்.

கடைசியில் வத்திக்கானே ஒரு இடத்தில் வந்து நின்றிருக்கிறது. 2024 மே 17-ஆம் தேதி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், காட்சிகளையும் அதிசயங்களையும் ஆராய்வதற்குப் புதிய விதிகளை வெளியிட்டது. இனி ஆயர்கள் "இது இயற்கைக்கு அப்பாற்பட்டது" என்று பொதுவாக அறிவிக்க மாட்டார்கள். ஆறு வகை முடிவுகளில் ஒன்றைச் சொல்வார்கள். ஆகச் சிறந்த முடிவுகூட, பக்தி கொள்ளத் தடையில்லை என்ற அளவில்தான் நிற்கும். கனிகளைப் பார்ப்பார்கள், மோசடியைத் தடுப்பார்கள், காசு பண்ணுகிறவர்களை விலக்குவார்கள். பேசியது யார் என்ற கேள்வியை, அநேகமாக எப்போதும், திறந்தே வைப்பார்கள். கொஷோனுக்கு இப்படி ஒரு விதி இருந்திருந்தால் ஜோன் பிழைத்திருப்பாளா என்று கேட்கத் தோன்றும். பிழைத்திருக்க மாட்டாள். அவளைச் சிறைபிடித்தவர்களிடமிருந்து வாங்க இங்கிலீஷ்காரர்கள் பத்தாயிரம் லிவ்ர் கொடுத்திருந்தார்கள்.

ரூவானுக்கு வருகிறவர்கள் இரண்டாவது நாளில் லிசியே போவதுண்டு. கான் நகர ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. குழந்தை இயேசுவின் புனித தெரேசா வாழ்ந்து மறைந்த ஊர். தெரேசா சிறுவயதில் குடும்பத்தோடு பூசைக்குப் போன சான் பியேர் ஆலயத்தில், பீடத்துக்குப் பின்னால் இருக்கும் மாதா சிற்றாலயத்தைக் கட்டியவர் வேறு யாருமில்லை, பியேர் கொஷோன். ரூவான் வழக்குக்குப் பிறகு லிசியே ஆயராக மாற்றலாகி, 1442-ல் இறந்து, அங்கேயே அடக்கமானவர்.

தெரேசாவுக்கு ஜோன் மேல் உயிர். கார்மேல் மடத்தில் அவளைப் பற்றி இரண்டு நாடகங்கள் எழுதி, 1895-ல் தானே ஜோனாக நடித்தார். சிதைக்கு வைத்த ஸ்பிரிட் அடுப்பிலிருந்து மேடையில் நிஜமாகவே தீ பற்றிக்கொண்டது. அந்த வேடத்தில் அவரை அக்கா செலின் படம் பிடித்தார். ஒரு படத்தில் விலங்கு பூட்டிய ஜோனாகத் தெரேசா, அவருக்கு ஆறுதல் சொல்லும் புனித கத்தரீனாகச் செலின். அந்தப் படம் போய்ச் சேர்ந்த இடம்தான் கொடுமை. லெயோ தக்ஸில் என்ற எழுத்தாளர், டயானா வோகன் என்று ஒரு பெண் ஃப்ரீமேசன்களின் சாத்தான் வழிபாட்டிலிருந்து ஜோன் பக்தியால் மனம் திரும்பியதாகக் கதை கட்டி, புத்தகமாக எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார். குருக்கள், ஆயர்கள் வரை நம்பினார்கள். தெரேசாவும் நம்பி, மடத்தின் வழியாகக் கடிதமும் படமும் அனுப்பினார். 1897 ஏப்ரல் 19-ஆம் தேதி பாரிஸில் தக்ஸில் கூட்டம் போட்டு, அப்படி ஒரு பெண்ணே கிடையாது, பன்னிரண்டு வருஷமாக உங்களை ஏமாற்றினேன் என்று சிரித்தார். மேடையில் அந்தப் படத்தைத் திரையிட்டும் காட்டினார். டயானா எழுதியதாக வந்திருந்த கடிதத்தைத் தெரேசா கிழித்துப் போட்டார்.

அவருக்கு அப்போது காசநோய் முற்றியிருந்தது. அதற்கு முந்தின வருஷம் ஈஸ்டர் முதலே உள்ளே இருட்டு. மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற சந்தேகம் விடாமல் அரித்தது. பத்து வயதில் மாதா சிலை தன்னைப் பார்த்துப் புன்னகைத்ததாக உணர்ந்தவர்தான் அவர். அதையும் தான் கற்பனை செய்துகொண்டேனோ என்று நான்கு வருஷம் தன்னையே வதைத்துக்கொண்டார். 1897 செப்டம்பர் 30-ஆம் தேதி அந்த இருட்டோடுதான் இறந்தார். 1925-ல் புனிதர் பட்டம், ஜோனுக்கு ஐந்தே வருஷம் கழித்து. இருவருமே பிரான்ஸின் துணைப் பாதுகாவலர்கள்: ஜோன் 1922-லிருந்து, தெரேசா 1944-லிருந்து.

கணவருக்கு இப்போது சாப்பாட்டு நினைப்பு இல்லை. தக்ஸிலைப் பிடித்திருக்கலாமே என்கிறார். அவர் சொல்வது சரி. 1896-ல் திரெந்து நகரில் கூடிய ஃப்ரீமேசன் எதிர்ப்பு மாநாட்டில் சிலர் டயானாவைப் பற்றி ஆதாரம் கேட்டார்கள். அவளை நேரில் காட்டு என்று பத்திரிகைக்காரர்கள் நெருக்கினார்கள். தக்ஸில் தானாகவே கூட்டம் கூட்டி ஒப்புக்கொண்டதற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம். யார், எங்கிருந்து என்ற ஜெர்சோனின் கேள்விகள் அங்கே வேலை செய்தன, ஏனென்றால் டயானா உண்மையில் இருந்தால் ஒரு தெருவில், ஒரு வீட்டில் இருந்தாக வேண்டும். மனைவி அந்தப் படத்தில் செலின் போட்டிருக்கும் வேடத்தைக் காட்டி, கத்தரீனை எந்தத் தெருவில் போய்த் தேடுவது என்று கேட்கிறாள். கணவர் 1456 தீர்ப்பைப் போல நடைமுறையை மட்டும் பார்த்துவிட்டு விலகிக்கொள்வதுதான் நியாயம் என்கிறார். அப்படி விலகுகிறவர்கள் போர் வரும்போது எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பது அவள் அடுத்த கேள்வி.